வான்வழி வாணிகமும் விமான அணிகளும்

வன்னிப் பெருநிலத்தில் வாழும் எமக்கு விமானம் என்பது நெடுங்காலமாகத் தலைக்கு மேலாற் செல்லும் ஒரு பொருளாகவே இருந்து வந்துள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் வவுனியாவில் ஒரு தளம் அமைத்து, கடற்காவலுக்கான விமானங்களை அங்கு நிறுத்தியிருந்தனர். பிற்காலத்து உள்நாட்டுப் போரின்போது இரணைமடுவிலும் ஓர் ஓடுபாதை அமைந்தது. இவை யாவும் படைத் தேவைக்கென எழுந்தவை. பயணியர் சீட்டுப் பெற்று ஏறி இறங்கும் முறையான விமான சேவை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இன்றுவரை நிலைபெறவில்லை.

விமான ஒலி கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடிய பிள்ளைகள் இன்று பெற்றோராகி விட்டனர். அவர்தம் பிள்ளைகளோ முற்றத்தில் நின்று அண்ணாந்து நோக்கி, “இது எந்த நாட்டு விமானம்? எத்தனை பேர் இருப்பார்கள்? எங்கே போகிறது?” என வினவுகின்றனர். ஒரே வானை நோக்கி இரு தலைமுறையினர் கொண்ட மனநிலைகள் எத்துணை வேறுபட்டன! இளையோரின் வினாவுக்கு முறையாக விடை கூறுதல் கற்றோர் கடன் எனக் கருதி, எம் கல்லூரியின் இவ்விழா மலரில் விமான நிறுவனங்களைப் பற்றியும் அவற்றின் விமான அணிகளைப் பற்றியும் சில கூறப் புகுகின்றோம்.

விமான அணி என்பது யாது?

ஒரு நிறுவனம் தன் சேவைக்கென வைத்திருக்கும் விமானங்களின் தொகுதியே அதன் விமான அணி எனப்படும். அவை அனைத்தும் அந்நிறுவனத்துக்குச் சொந்தமானவை என எண்ணுதல் தவறு. இன்று உலகிற் பறக்கும் பயணியர் விமானங்களுள் ஏறத்தாழ அரைவாசி குத்தகைக்குப் பெறப்பட்டவையே. விமானத்தை மட்டும் குத்தகைக்குப் பெற்றுத் தம் விமானிகளைக் கொண்டு ஓட்டுவது ஒரு முறை. விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்புறுதி அனைத்தையும் ஒருங்கே பெறுவது மற்றொரு முறை. காணி உடையவன், குத்தகைக்குச் செய்பவன் என்னும் வேறுபாட்டை நன்கறிந்த வன்னி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எத்தகைய விமானத்தை வைத்திருப்பது என்பதே நிறுவனத்தின் வாழ்வையும் வீழ்ச்சியையும் பெரிதும் தீர்மானிக்கும். இரண்டு ஏக்கர் வயல் உடையவனுக்கு இருசில்லு உழவு இயந்திரம் போதும். அவன் கடன்பட்டுப் பெரிய அறுவடை இயந்திரம் ஒன்றை வாங்கி நிறுத்துவானாயின், விளைச்சல் நன்றாயிருந்தும் வீடு வறுமையடையும். விமான நிறுவனங்களின் வரலாறும் பெரும்பாலும் இதுவேயாம்.

எடையும் ஓடுபாதையும்

விமானத்தை மேலெழச் செய்யும் தூக்குவிசை, சிறகின் பரப்பையும் காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. சிறகு மாறாதிருக்க, எடை நான்கு மடங்காகுமாயின் எழுவதற்கு வேண்டிய வேகம் இரு மடங்காதல் வேண்டும். அவ்வேகத்தை அடைவதற்கு நீண்ட ஓடுபாதை தேவைப்படும். வெயில் மிகுந்த நண்பகலிற் காற்றின் அடர்த்தி குறைவதால் அத்தேவை மேலும் மிகும். எனவே, ஓடுபாதையின் நீளமே எவ்வகை விமானம் எவ்வூருக்கு வரலாம் என்பதை முதலில் வரையறுக்கின்றது.

சில அளவுகளை ஒப்புநோக்குவோம். 1935இல் முதன்முதற் பறந்த டக்ளஸ் டி.சி. 3 என்னும் விமானம் ஏறத்தாழ 12 தொன் எடையுடன், இருபது முதல் முப்பது பயணியரைச் சுமந்தது. இக்காலத்து ஏ.ரி.ஆர். 72 விமானம் 23 தொன் வரையிலான எடையுடன் எழுபது பேரளவில் ஏற்றும். 1,300 மீற்றர் அளவான ஓடுபாதை அதற்குப் போதும். எயர்பஸ் ஏ-320 விமானத்தின் எழுகை எடை 78 தொன் அளவாகும். அதில் 150 முதல் 180 பேர் வரை அமரலாம். அதற்கு ஈராயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஓடுபாதை வேண்டும். எயர்பஸ் ஏ-330 விமானம் 230 தொன்னுக்கு மேற்பட்ட எடையுடன் முந்நூறு பேரளவிற் கொண்டு செல்லும். இரட்டைத் தட்டு அமைந்த ஏ-380 விமானமோ 575 தொன் எடையுடையது. கட்டுநாயக்கா ஓடுபாதையின் நீளம் 3,350 மீற்றர் என்பதை இவற்றோடு சேர்த்து நோக்கின், பெருவிமானங்கள் அங்கே இறங்குவதன் காரணம் விளங்கும்.

இலங்கையின் முதல் அணி

1935 நவம்பர் 27ஆம் நாள், சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்சி ஆசிரியர் ஓட்டிவந்த ‘புஸ் மொத்’ என்னும் சிறு விமானம் இரத்மலானையில் இறங்கியது. அந்நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. அதே வகை விமானத்தில்தான் ஜே. ஆர். டி. ரரா 1932 ஒக்ரோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு சென்றார். அத்தபால் அங்கிருந்து வேறொரு விமானி வாயிலாகச் சென்னை வந்து சேர்ந்தது. ரராவின் அச்சிறு முயற்சியே பின்னர் எயர் இந்தியா என வளர்ந்தது. 1953இல் அரசுடைமையான அந்நிறுவனம், 2022 சனவரியில் மீண்டும் ரரா குழுமத்தின் கைக்கே வந்தது.

இலங்கையின் தேசிய நிறுவனமாகிய எயர் சிலோன் 1947 டிசெம்பர் 10ஆம் நாள் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது. அப்பயணம் சென்ற வழியை எம் மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்: இரத்மலானையிற் புறப்பட்டுக் காங்கேசன்துறையை அடுத்த பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னை சென்றது. நாட்டுப் படத்தில் இம்மூன்று ஊர்களையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்ப்பின், அஃது ஏறக்குறைய வடக்கு நோக்கிய நேர்கோடாக அமைதல் காணலாம். ஆகவே, நாட்டின் தேசிய நிறுவனத்தினது முதலாவது பயணியர் வான்வழியே வடபுலத்தின் வழியாகச் சென்ற வழிதான். நிறுவனத்தின் அணியில் அன்றிருந்தவை மூன்று டி.சி. 3 விமானங்கள். சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என அவற்றுக்குப் பெயரிட்டிருந்தனர்.

சிறு நிறுவனமொன்று கடல் கடந்து நெடுந்தூரம் பறக்க விரும்பின், பெரிய நிறுவனம் ஒன்றன் துணையை நாடுதல் அக்கால வழக்கம். எயர் சிலோன் 1949இல் அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து, நான்கு இயந்திரங்கள் பூட்டிய டி.சி. 4 விமானங்களால் இலண்டனுக்கும் சிட்னிக்கும் சேவை நடத்தியது. 1950களின் பிற்பாதியில் ஒல்லாந்தரின் கே.எல்.எம். நிறுவனம் துணையாயிற்று, கொன்ஸ்டலேசன் வகை விமானங்கள் வந்தன. அடுத்த பத்தாண்டிற் பிரித்தானியரின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தோடு கூட்டு ஏற்பட்டு, கொமற் 4 என்னும் தாரை விமானம் எயர் சிலோன் பெயரிற் பறந்தது. 1969இல் ரைடன்ற் விமானம் ஒன்று அணியிற் சேர்ந்தது. உள்நாட்டுச் சேவைக்கு அவ்ரோ 748 விமானம் பயன்பட்டது. யாழ்ப்பாணத்துப் பெரியோர் பலர் “அவ்ரோவிற் போய் வந்தோம்” எனக் கூறுவதை இன்றும் கேட்கலாம். 1978 செப்ரெம்பர் 7ஆம் நாள் அத்தகைய அவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதனை அடுத்து எயர் சிலோன் நிறுவனமும் முடிவெய்தியது.

முப்பதாண்டுக் காலத்தில், சில விமானங்களே கொண்ட ஒரு நிறுவனம், இத்துணை வகை விமானங்களை மாற்றி மாற்றி ஓட்டியது என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிப்பாகம் வேண்டும். தனிப் பயிற்சி பெற்ற விமானிகளும் பொறியியலாளரும் வேண்டும். வகை பெருகப் பெருகச் செலவும் பெருகும்.

எயர் லங்காவும் ஸ்ரீலங்கனும்

1979 சனவரியில் நிறுவப்பட்ட எயர் லங்கா, அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாம் நாள் சிங்கப்பூர் நிறுவனத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற இரண்டு போயிங் 707 விமானங்களுடன் பறக்கத் தொடங்கியது. பின்னர் மூன்று இயந்திரங்களையுடைய ரைஸ்ரார் விமானங்கள் வந்தன. 1980களின் நடுப்பகுதியில் போயிங் 747 பெருவிமானங்களும் அணியில் இடம்பெற்றன. ஆயின், அவை சில ஆண்டுகளே நிலைத்தன. 1994இல் நான்கு இயந்திர ஏ-340 விமானங்கள் சேர்ந்தன. 1998இல் எமிரேற்ஸ் நிறுவனம் பங்காளியானபின் ஸ்ரீலங்கன் என்னும் பெயர் வழங்கலாயிற்று. அக்கூட்டு முகாமை 2008இல் முடிவுற்றது.

போர் இவ்வணியையும் விடவில்லை. 1986 மே 3ஆம் நாள் கட்டுநாயக்காவில் நின்ற ரைஸ்ரார் விமானத்தினுள் குண்டு வெடித்து 21 உயிர்கள் மாண்டன. 2001 யூலை 24ஆம் நாள் அதே நிலையத்தில் நிகழ்ந்த தாக்குதலில் அந்நிறுவனத்தின் பெருவிமானங்கள் பல எரிந்தும் சேதமுற்றும் போயின. பின்னர், விலை மிக்க ஏ-350 விமானங்களைப் பெறுவதற்குச் செய்த உடன்படிக்கைகளைத் தாங்க இயலாது, 2016இல் பெருந்தொகை செலுத்தி அவற்றிலிருந்து விலக நேர்ந்தது. அகலக்கால் வைத்தலின் பயன் இதுவென்க. எரிபொருளை மிகுதியாக உண்ணும் நான்கு இயந்திர ஏ-340களும் காலப்போக்கில் விலக்கப்பட்டன. ஏ-320 குடும்பமும் ஏ-330 குடும்பமும் அணியின் இரு தூண்களாயின.

பிறநாட்டு நிறுவனங்கள் கற்பிக்கும் பாடம்

1919இல் தோன்றிய கே.எல்.எம்., தன் பழம்பெயரை மாற்றாது இன்றும் பறக்கும் நிறுவனங்களுள் மூத்தது. அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1920இல் தோன்றியது. இவற்றிலும் புகழ் பெற்றிருந்த அமெரிக்காவின் பான் அம் நிறுவனமோ, 1958இல் போயிங் 707ஐயும் 1970இல் 747ஐயும் முதன்முதற் சேவையில் ஈடுபடுத்திய பெருமை உடையதாயிருந்தும், 1991 டிசெம்பரில் மறைந்தது. பெரியதும் புதியதும் கைவசமிருத்தல் ஒன்றே நிலைபேற்றுக்குப் போதாது என்பதற்கு அந்நிறுவனமே சான்று.

இதற்கு மறுதலையாக, 1971இல் தொடங்கிய அமெரிக்காவின் சவுத்வெஸ்ற் நிறுவனம் போயிங் 737 என்னும் ஒரே குடும்பத்து விமானங்களையே வைத்து வளர்ந்தது. எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம். உதிரிப்பாகங்கள் பல பொதுவாகப் பொருந்தும். அயலிலுள்ள இந்தியாவின் இண்டிகோ நிறுவனம் 2006இற் சேவை தொடங்கி, ஏ-320 குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டு நாட்டின் மிகப்பெரிய நிறுவனமாயிற்று. 2023இல் ஒரே தடவையில் 500 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. சிறு ஊர்களுக்குச் செல்வதற்கென ஏ.ரி.ஆர். விமானங்களையும் அந்நிறுவனம் வைத்திருத்தல் கவனிக்கத்தக்கது.

எமிரேற்ஸ் வேறொரு வழி சென்றது. 1985இற் பாகிஸ்தான் நிறுவனத்திடம் இரவல் பெற்ற இரு விமானங்களுடன் தொடங்கிய அது, துபாயை உலகின் நாற்சந்தியாக்கி, ஏ-380 விமானங்களை மிகுதியாக வைத்திருக்கும் நிறுவனமாக உயர்ந்தது. ஆயினும், அதனைப் போல் அப்பெருவிமானத்தை நிரப்ப வல்லோர் பிறர் மிகச் சிலரே. ஆதலின், 2007இற் சேவைக்கு வந்த ஏ-380இன் உற்பத்தி 2021இல் நின்றுபோயிற்று. நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டவை 251 மட்டுமே.

ஒரு சிறு கணக்கு

மேற்கூறியவற்றை மாணவர் தம் கையாற் கணித்து அறிதல் நன்று. ஓர் ஊரிலிருந்து நாளொன்றுக்கு 60 பேர் பயணஞ் செய்ய விரும்புகின்றனர் எனக் கொள்வோம். 70 இருக்கை விமானம் நாள்தோறும் சென்றால் நூற்றுக்கு 86 பங்கு இருக்கைகள் நிரம்பும். 180 இருக்கை விமானம் நாள்தோறும் சென்றால் நிரம்புவது நூற்றுக்கு 33 பங்கே. பெரிய விமானத்தையே நிரப்பி ஓட்டுவோம் எனின், கிழமைக்கு 420 பயணியராதலின் இரு தடவைக்குச் சற்று மேலாக மட்டுமே அது செல்ல இயலும். திங்கட்கிழமை வைத்தியரைக் காணவேண்டியவர் வியாழன் வரை காத்திருத்தல் கூடுமோ? அவர் பேருந்திலோ புகையிரதத்திலோ சென்றுவிடுவார். 60 பேர் 40 பேராவர். இங்ஙனம் பெரிய விமானம் தன் பயணியரைத் தானே விரட்டிவிடும்.

எம் தலைக்கு மேலாற் சென்ற வழி

நிற்க, இப்பொருளில் எம் மண்ணுக்குரிய துயரப் பக்கம் ஒன்றும் உண்டு. போர்க் காலத்தில், வன்னியை ஊடறுத்துச் செல்லும் கண்டி வீதி நெடுங்காலம் மூடப்பட்டிருந்தமையால், யாழ்ப்பாணத்து மக்கள் கொழும்பு செல்லக் கப்பலையும் விமானத்தையுமே நம்பியிருந்தனர். 1998 செப்ரெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் அன்ரனோவ் 24 விமானம், மன்னார்க் கடற்பரப்பின் வடபால், எம் கிளிநொச்சி மாவட்டத்துக்குரிய இரணைதீவை அண்டிய கடலில் வீழ்ந்தது. பயணியர் 48 பேரும் பணியாளர் எழுவருமாக 55 பேரும் மாண்டனர். அது வெளிநாட்டிலிருந்து விமானிகளோடு குத்தகைக்குப் பெறப்பட்ட விமானம். ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதென்றே அது கருதப்படுகிறது. பதினான்கு ஆண்டுகள் கழிந்து 2012இல்தான் அதன் சிதைவுகள் கடலடியிற் கண்டறியப்பட்டன. எடுக்கப்பட்ட ஆடைகளும் பிற உடைமைகளும் 2014இல் யாழ்ப்பாணத்தில் உறவினர் அடையாளம் காண்பதற்கென வைக்கப்பட்டன. ஒரு சட்டைத் துணியைக் கண்டு தன் பிள்ளையை அறியவேண்டி நின்ற தாயின் நிலையை எண்ணும்போது, நெஞ்சுருகாதார் யாவர்?

இது எம் நாட்டுக்கு மட்டும் உரிய துயரன்று. 2014 யூலை 17ஆம் நாள் உக்ரேன் நாட்டின் மேலாற் பறந்த மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். பயணியர் விமானத்தின் பாதுகாப்பு, கீழேயுள்ள நிலத்தின் அமைதியிலேயே தங்கியுள்ளது என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் உண்மை. எத்துணைப் புதிய விமானமாயினும் இதற்கு விலக்கன்று.

மீண்டும் திறந்த வழி

1947இல் எயர் சிலோன் சென்ற அப்பழைய வழி, 2019 ஒக்ரோபர் 17ஆம் நாள் மீண்டும் உயிர் பெற்றது. பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டபோது, இந்தியாவின் அலையன்ஸ் எயர் நிறுவனத்து ஏ.ரி.ஆர். 72 விமானம் சென்னையிலிருந்து வந்திறங்கியது. பெருந்தொற்றினால் 2020இல் தடைப்பட்ட சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ நிறுவனமும் ஏ.ரி.ஆர். விமானத்துடன் இவ்வழியில் இறங்கியது. பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான வான்தூரம் ஏறத்தாழ 360 கிலோமீற்றர். இத்துணைக் குறுகிய தூரத்தில், உயரப் பறந்து வேகம் காட்டும் தாரை விமானத்தினும், எரிபொருள் குறைவாக உண்ணும் சுழலி விமானமே சிக்கனமானது. “இச்சிறு விமானந்தானா எமக்கு?” எனக் குறைப்படுவோர், மேலே தந்த கணக்கை மீண்டும் ஒருமுறை நோக்குவாராக.

அவ்வாறாயின் வன்னிக்கென ஒரு விமான நிலையம் வேண்டாவோ என்னும் வினா எழும். வவுனியாவிலும் இரணைமடுவிலும் ஓடுபாதைகள் உள்ளனவே எனச் சிலர் கூறுவர். வவுனியாவிலிருந்து இரத்மலானைக்கு வான்தூரம் 220 கிலோமீற்றர் அளவே. பறக்கும் நேரம் முக்கால் மணியாயினும், நிலையத்துக்குச் செல்லும் நேரமும் அங்குக் காத்திருக்கும் நேரமும் கூடும்போது, புகையிரதத்தினும் மிகுந்த ஆதாயம் இராது. அச்சேவையை நாளும் நிரப்பும் பயணியரும் இப்போதைக்கு அரியர். ஓடுபாதை உண்டு என்பதனால் மட்டும் விமானம் வாராது. ஏறுவோர் உண்டாயின் வரும்.

எம் மக்கள் இன்று உடனடியாகக் கேட்கவேண்டியது வேறு. கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பலாலியோ 80 கிலோமீற்றர் அளவே. விமானம் வந்திறங்கும் நேரத்துக்கும் புறப்படும் நேரத்துக்கும் ஏற்ப முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கிளிநொச்சி வழியாகப் பலாலிக்கு ஒழுங்கான பேருந்துச் சேவை அமையுமாயின், சென்னைக்கு மருத்துவத்துக்காகவும் கல்விக்காகவும் தலயாத்திரைக்காகவும் செல்லும் எம்மவர், கொழும்பில் விடுதியெடுத்துத் தங்கும் செலவும் அலைச்சலும் தீரும். பயணியர் தொகையும் பெருகும். தொகை பெருகின் சேவையும் பெருகும். நூறு கோடி செலவிடும் ஓடுபாதையினும் நேரந் தவறாத ஒரு பேருந்து முதலில் வேண்டும் என்பதே எம் துணிபு.

மாணவ நண்பர்களே! விமானத்துறை என்றதும் விமானி ஒருவரையே நினைத்தல் வேண்டா. இயந்திரம் பழுதுபார்ப்போர், சுமையையும் சமநிலையையும் கணிப்போர், வானிலை ஆய்வோர், வான்வழியைக் கட்டுப்படுத்துவோர் எனப் பல்லோர் உழைப்பாலேயே ஒரு விமானம் எழுகின்றது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, எம் வகுப்பறையிற் கற்கும் கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமுமே. முந்திய தலைமுறை விமான ஒலி கேட்டு நிலத்தினுள் ஒளிந்தது. இன்றைய தலைமுறை அவ்வொலியைக் கேட்டு, அதன் வகையையும் வழியையும் கூற வல்லதாகுக. அதனை இயக்கவும் செம்மை செய்யவும் வல்லோர் எம் கல்லூரியினின்றும் தோன்றுவாராக. எம் வானும் மண்ணும் என்றும் அமைதியுற்று விளங்குக!